பருமனான ஆரோக்கியப் பெண்களுக்கு எந்தச் சமநிலைச் சோதனை? நம்பகத்தன்மையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பன்னிரண்டு வார உடற்பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கவிருக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. வகுப்பில் சேரும் பெண்கள் 25 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ., 30-ஐத் தாண்டியவர்கள். சர்க்கரை நோயோ நரம்புத் தளர்ச்சியோ காது சார்ந்த தலைச்சுற்றலோ மூட்டு வலியோ இல்லாத ஆரோக்கியமானவர்கள். தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அவர்களுடைய சமநிலையை அளந்து, பயிற்சியால் அது தேறியிருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பொறுப்புடன் சொல்ல வேண்டும். பாடநூல்களில் சோதனைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 0.90, 0.95 என்று நம்பகத்தன்மை எண் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண்களைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுத்தால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொரு சோதனையாக எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட பெண்கள் சிறு கூட்டம் அல்லர். 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. இந்திய அளவில் அது 24 விழுக்காடு. இந்தியர்களுக்கு 25-லிருந்தே பருமன் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும் என்று இங்குள்ள வல்லுநர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். சமநிலை ஆராய்ச்சிகள் பெரும்பாலும் உலக அளவிலான 30 என்ற எல்லையை வைத்தே நடந்திருப்பதால் இங்கும் அதையே பின்பற்றுகிறேன்.

உடல் எடைக்கும் சமநிலைக்கும் உள்ள தொடர்பு ஊகம் அன்று. 2007-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், பி.எம்.ஐ. 17.4 முதல் 63.8 வரை இருந்த 59 பேரை அசையாமல் நிற்கவைத்து அளந்தபோது, உடல் ஆட்டத்தின் வேகத்தில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கு மேல் உடல் எடையாலேயே விளக்கப்பட்டது. எடை குறைந்தால் ஆட்டமும் குறைகிறது என்று அதே நாட்டின் மற்றோர் ஆய்வு காட்டியது. ஆனால் இந்த இரண்டு ஆய்வுகளிலும் பங்கெடுத்தவர்கள் அனைவரும் ஆண்கள். பெண்ணின் உடலில் கொழுப்பு சேரும் இடம் வேறு. ஆண்களுக்கு வயிற்றில் சேருவதைப்போலன்றி, பெரும்பாலான பெண்களுக்கு இடுப்பிலும் பின்புறத்திலும் தொடையிலும் சேர்கிறது. இத்தாலியில் பருமனான ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்களுக்கு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆட்டம் கூடியிருந்தது. பெண்களுக்கு முன்பின்னாக மட்டுமே கூடியிருந்தது. ஆகவே ஆண்களை அளந்து பெற்ற முடிவைப் பெண்களுக்குப் பொருத்துவதும், வயிறு பெருத்த பெண்ணையும் தொடை பெருத்த பெண்ணையும் பி.எம்.ஐ. ஒன்றாக இருப்பதால் ஒரே வகையாகக் கொள்வதும் அளவீட்டின் அடிப்படையையே பாதிக்கும்.

நம்பகத்தன்மை எண் எதைச் சொல்கிறது

சமநிலைச் சோதனைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் நம்பகத்தன்மை எண் ஐ.சி.சி. எனப்படுவது. 0-க்கும் 1-க்கும் இடையில் அமையும் இந்த எண், அளந்து கிடைத்த மதிப்புகளில் தெரியும் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு ஆளுக்கு ஆள் உண்மையாகவே உள்ள வேறுபாடு, எவ்வளவு அளவீட்டுப் பிழை என்பதைக் காட்டுகிறது. 0.75-க்கு மேல் நன்று, 0.90-க்கு மேல் மிக நன்று என்பது இப்போது பரவலாகக் கையாளப்படும் வழக்கு. இதில் மறைந்திருக்கும் சிக்கல், அந்த எண் சோதனைக்கு மட்டும் உரியதன்று, அளக்கப்பட்ட கூட்டத்துக்கும் உரியது என்பதே.

கைக்கணக்காகப் பார்க்கலாம். கையை நீட்டி எட்டும் தூரத்தை அளக்கும் ஒரு சோதனையில் அளவீட்டுப் பிழை 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இருபது வயதினரும் எண்பது வயதினரும் கலந்த கூட்டத்தில் அளந்த மதிப்புகளின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) 8 செ.மீ. என்றால் ஐ.சி.சி. 0.94 வரும். அதே டேப்பைக் கொண்டு, அதே கை, அதே 2 செ.மீ. பிழையோடு, வயதும் உடல்வாகும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் பெண்களை மட்டும் அளந்து, திட்ட விலக்கம் 4 செ.மீ.யாகக் குறைந்தால் ஐ.சி.சி. 0.75-க்கு இறங்கும், 3 செ.மீ.யானால் 0.56 ஆகிவிடும். அளப்பதில் எந்தக் கோளாறும் நேரவில்லை, கூட்டம் மாறியிருக்கிறது. முதியோரிடமிருந்தோ விளையாட்டு வீரர்களிடமிருந்தோ பெற்ற 0.94-ஐ இரவல் வாங்கிப் பருமனான இளம்பெண்களுக்குச் சூட்டுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதனால்தான் தேர்வுக்கு ஐ.சி.சி.யைவிட அளவீட்டுத் திட்டப் பிழையும் அதிலிருந்து கிடைக்கும் குறைந்தபட்ச மெய்மாற்றமும் முக்கியமானவை என்கிறேன். பிழையை 2.77-ஆல் பெருக்கினால் வருவது குறைந்தபட்ச மெய்மாற்றம், அதாவது பிழையின் ஊசலாட்டத்தைத் தாண்டிய உண்மையான மாற்றம் என்று கொள்ளத் தேவையான மிகச் சிறிய அளவு: மேற்சொன்ன 2 செ.மீ. பிழைக்கு அது ஏறத்தாழ 5.5 செ.மீ. ஒரு பெண் முதல் நாள் 34 செ.மீ.யும் பன்னிரண்டாம் வாரத்தில் 38 செ.மீ.யும் எட்டினால், அந்த 4 செ.மீ. அளவீட்டின் இயல்பான ஊசலாட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘தேறிவிட்டீர்கள்’ என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நேரம் ஒதுக்கி வரும் ஒருவருக்குச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கே காரணம்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஒரே முயற்சியை இரண்டு பேர் பார்த்து ஒரே எண்ணைப் படிப்பது ஒரு வகை நம்பகத்தன்மை. அதே பெண்ணைத் திங்களன்றும் வியாழனன்றும் அளந்தால் ஒரே எண் வருவது மற்றொரு வகை. முதலாவது எளிதில் 0.99-ஐத் தொடும், ஏனெனில் அது டேப்பைப் படிக்கத் தெரிகிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறது. பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒப்பிடுபவருக்கு வேண்டியது இரண்டாவது வகையே.

தேர்விலிருந்து முதலில் விலக்க வேண்டியவை

கனடாவில் 1989-இல் உருவான பெர்க் அளவுகோலில் 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. முதியோருக்கென்று அமைந்த அந்தச் சோதனையில் நாற்பது வயது ஆரோக்கியப் பெண், பருமனாக இருந்தாலும், முதல் நாளே 56-ஐ நெருங்கிவிடுவார். அதற்குமேல் ஏற இடமில்லாததால் பயிற்சியின் பயன் அதில் தெரியாது.

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் ‘டைம்டு அப் அண்ட் கோ’ சோதனையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1991-இல் அது முதியோர் மருத்துவமனைக்கு வந்த 60 நோயாளிகளிடம் நிறுவப்பட்டது. ஆரோக்கியமான இளம்பெண்கள் பத்து நொடிக்குள் முடித்துவிடுவார்கள். அந்தச் சில நொடிகளிலும் பெரும்பங்கு தொடைத் தசையின் வலிமைக்கும் நடை வேகத்துக்கும் உரியது. பருமனான பெண்ணுக்கு நாற்காலியின் உயரமும் கைப்பிடிகளுக்கு இடையிலான அகலமும் எழும் நேரத்தை மாற்றிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது சமநிலையை அளக்கிறதா நாற்காலியை அளக்கிறதா என்ற ஐயம் எழுகிறது. இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

கையை நீட்டி எட்டும் சோதனை

‘ஃபங்ஷனல் ரீச்’ என்ற இச்சோதனையை 1990-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பமேலா டங்கனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். தோள் உயரத்தில் சுவரில் அளவுகோலைப் பொருத்தி, கையை நேராக நீட்டி, பாதத்தை நகர்த்தாமல் முன்னோக்கி எவ்வளவு எட்ட முடிகிறது என்று பார்ப்பார்கள். 21 முதல் 87 வயது வரையிலான 128 பேரிடம் அளந்தபோது, மீண்டும் அளப்பதன் நம்பகத்தன்மை 0.92 கிடைத்தது. 20–40 வயதுப் பெண்களின் சராசரி சுமார் 37 செ.மீ.; 70 வயதைக் கடந்த பெண்களுக்குச் சுமார் 27 செ.மீ. இவ்வளவு அகலமான வயது வீச்சில் கிடைத்த 0.92, மேலே பார்த்த கைக்கணக்கின்படி, ஒரே வயதுப் பெண்களிடம் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

செலவில்லாதது, ஐந்து நிமிடத்தில் முடிவது, கீழே விழும் அச்சம் குறைவு என்ற நல்ல குணங்கள் இதற்கு உண்டு. ஆனாலும் பருமனான பெண்களைப் பொறுத்தவரை இதற்கு எதிரான வாதம் வலுவானது. ஒருவர் முன்னே எட்டும்போது உடல் முழுவதும் கணுக்காலில் சாய்ந்தால்தான் சமநிலையின் எல்லை சோதிக்கப்படும். இடுப்பில் மடிந்து, பின்புறத்தைப் பின்னே தள்ளி எட்டினால், எடையின் மையம் அதிகம் நகராமலேயே கை நீண்டுவிடும். 2003-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், எட்டிய தூரத்துக்கும் பாதத்தின்கீழ் அழுத்த மையம் நகர்ந்த தூரத்துக்கும் தொடர்பு வலுவற்றதாகவும், உடம்பு எவ்வளவு முன்னே வளைந்தது என்பதோடு உள்ள தொடர்பு அதைவிட அதிகமாகவும் இருந்தது. பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான முதியோர். இடுப்பும் பின்புறமும் பெருத்த பெண்ணுக்குப் பின்னே தள்ளும் எடை அதிகம் என்பதால் இந்த வழி இன்னும் எளிதாகிறது. வயிறு பெருத்த பெண்ணுக்கோ வயிறு தொடையில் முட்டுவதால் அந்த வழி அடைபடுகிறது. பன்னிரண்டு வாரத்தில் இடுப்புச் சுற்றளவு குறைந்தால் மடிவது எளிதாகி, சமநிலை மாறாமலேயே தூரம் கூடிவிடலாம். எண் ஒவ்வொரு நாளும் ஒன்றாகவே வந்தாலும் அது எதைக் குறிக்கிறது என்பது பெண்ணுக்குப் பெண் மாறும் சோதனை இது. முதல் தேர்வாக இதை வைக்க மாட்டேன்.

ஒற்றைக்காலில் நிற்றல்

எல்லோருக்கும் புரியும் சோதனை என்பதே இதன் பெரும் பலம். கண்ணைத் திறந்து நிற்கச் சொன்னால் ஆரோக்கியமான இளையோர் பெரும்பாலும் 45 நொடி எல்லையைத் தொட்டுவிடுவார்கள். பலர் ஒரே உச்ச எண்ணில் குவிந்துவிடுவதால் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. கண்ணை மூடச் சொன்னால் நேரம் சட்டென்று பத்துப் பதினைந்து நொடி அளவுக்கு இறங்கிவிடும், ஆட்களுக்கிடையே வேறுபாடும் தெரியும். ஆனால் ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்த மூன்று முயற்சிகளில் 6, 14, 9 என்று எண்கள் சிதறுவது இதில் இயல்பு. மூன்றில் சிறந்ததை எடுக்கும் வழக்கத்தைவிட மூன்றின் சராசரியை எடுப்பது இந்தச் சிதறலைக் குறைக்கும்.

பருமனான பெண்களிடம் ஒரு விதி மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. தூக்கிய கால் நிற்கும் காலைத் தொட்டால் முயற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது பல நெறிமுறைகளில் உள்ள விதி. தொடைகள் பெருத்த பெண்ணுக்கு நேராக நிற்கும்போதே தொடைகள் ஒட்டியிருக்கின்றன; தொடாமல் நிற்க வேண்டுமானால் அவர் காலைப் பக்கவாட்டில் அகற்றிப் பிடிக்க வேண்டும், அது முற்றிலும் வேறொரு நிலை. ஒருவர் ‘தொட்டுவிட்டது’ என்று நிறுத்துவார், மற்றொருவர் விட்டுவிடுவார். தூக்கிய பாதம் நிற்கும் காலின் கணுக்காலையோ கெண்டைக்காலையோ தொட்டால் மட்டுமே நிறுத்த வேண்டும் என்று விதியைத் திருத்தி எழுதிவைப்பது எளிய தீர்வு. அந்தத் திருத்தத்தோடு இது நல்ல துணைச் சோதனையாகும்.

பிழைகளை எண்ணும் பெஸ்

1990-களின் இறுதியில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், தலையில் அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்காக உருவான ‘பெஸ்’ சோதனையில், இரண்டு கால், ஒரு கால், ஒன்றன்பின் ஒன்றாக வைத்த கால் என்ற மூன்று நிலைகளைக் கட்டாந்தரையிலும் ஸ்பாஞ்சு மெத்தையிலும் தலா 20 நொடி கண்மூடி நிற்கச் செய்து, நேரும் பிழைகளை எண்ணுகிறார்கள். விளையாட்டு வீரர்களின் காணொளிகளை வைத்து நடந்த 2009-ஆம் ஆண்டு ஆய்விலேயே, ஒரே காணொளியைப் பார்த்த மதிப்பீட்டாளர்களுக்கிடையே மொத்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை 0.57-தான். பருமனான பெண்களிடம் இது மேலும் இறங்குவதற்கான காரணங்கள் வெளிப்படையானவை. கை இடுப்பெலும்பை விட்டு விலகுவது ஒரு பிழை. அந்த எலும்பு கொழுப்புக்கடியில் இருக்கும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்பதே தெளிவில்லை. இடுப்பு 30 பாகைக்குமேல் அகல்வது ஒரு பிழை. தளர்ந்த உடைக்குள் அதைக் கண்ணால் கணிக்க முடியாது. மெத்தையோ 55 கிலோ பெண்ணுக்கும் 95 கிலோ பெண்ணுக்கும் ஒரே அளவு அமுங்காது; கனமானவரின் கால் மெத்தையின் அடிவரை இறங்கிக் கிட்டத்தட்டத் தரையைத் தொடும். பன்னிரண்டு வாரத்தில் எட்டுக் கிலோ குறைத்தவர் முடிவில் முதலில் நின்ற அதே மெத்தையில் நிற்பதில்லை என்றே சொல்ல வேண்டும். இந்த நோக்கத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை.

மூன்று திசையில் காலை நீட்டும் ஒய் சோதனை

ஒற்றைக்காலில் நின்றபடி மறு காலால் எட்டுத் திசைகளில் எட்டும் நட்சத்திரச் சோதனையிலிருந்து, ஒன்றையே திரும்பச் சொல்லும் திசைகளை நீக்கி, முன்பக்கம், பின்னே உட்பக்கம், பின்னே வெளிப்பக்கம் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது ஒய் சோதனை. இதற்கென்று விற்கும் கருவி இருக்கிறது. இல்லாதவர்கள் தரையில் மூன்று டேப்புகளை, முன்கோட்டுக்கும் ஒவ்வொரு பின்கோட்டுக்கும் இடையே 135 பாகை, பின்கோடுகளுக்கிடையே 90 பாகை என்று ஒட்டிக்கொள்ளலாம். உச்சவரம்பு இல்லை, எவரும் இன்னும் ஒரு செ.மீ. எட்ட முயலலாம், வலிமை, மூட்டு அசைவு, கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்து வெளிப்படுகின்றன. ஆரோக்கியமான இளம்பெண்களைப் பிரித்தறியும் ஆற்றல் எளிய சோதனைகளில் இதற்கே அதிகம்.

இதற்குப் பெயர்பெற்ற நம்பகத்தன்மை எண்கள், 2009-இல் வெளியானவை: ஒரே மதிப்பீட்டாளருக்கு 0.85 முதல் 0.91 வரை, இரு மதிப்பீட்டாளர்களுக்கிடையே 0.99 முதல் 1.00 வரை. அளக்கப்பட்டவர்கள் கல்லூரிக் கால்பந்து அணியைச் சேர்ந்த 15 ஆண்கள். அந்த எண்ணை நம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லத் தயங்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

மிகுந்த கவனம் வேண்டியது, இந்தச் சோதனையில் தூரத்தைக் கால் நீளத்தால் வகுக்கும் வழக்கம். நெட்டையானவர் அதிகம் எட்டுவார் என்பதால், எட்டிய தூரத்தைக் கால் நீளத்தின் விழுக்காடாக மாற்றுகிறார்கள். 2003-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் ஆண் பெண் வேறுபாடே இந்த மாற்றத்தால் மறைந்தது. கால் நீளம் என்பது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உட்புற எலும்பு முனை வரை. ஒல்லியான விளையாட்டு வீராங்கனைக்கு அந்த முன்முனை தோலுக்கடியில் முண்டாகத் தெரியும். பருமனான பெண்ணைப் படுக்கவைத்து, வயிற்றுச் சதையை மேலே ஒதுக்கி, விரலால் அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது; கிடைத்துவிட்டது என்று நினைத்த இடம் இரண்டு செ.மீ. மேலோ கீழோ இருப்பது மிக எளிது. ஒரு பெண் மூன்று திசையிலும் சேர்த்து 220 செ.மீ. எட்டுகிறார் என்று கொள்வோம். கால் நீளம் 85 செ.மீ. என்று பதிந்தால் அவர் மதிப்பெண் (மூன்று திசை என்பதால் 220-ஐ 85-இன் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும்) 86.3 விழுக்காடு, பன்னிரண்டு வாரம் கழித்து அதே கால் 83 செ.மீ. என்று பதிந்தால், ஒரு செ.மீ.கூட அதிகம் எட்டாமல் அவர் 88.4 விழுக்காட்டுக்கு ஏறிவிடுவார். இது அங்குமிங்கும் சிதறும் பிழையாக மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. எடை குறையும்போது அந்த எலும்பு முனையைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது. அதாவது அளவீட்டுப் பிழையே பயிற்சியின் விளைவோடு சேர்ந்து ஒரு பக்கமாக நகர்கிறது. தேறினார் என்ற முடிவுக்கு இதைவிட ஆபத்தான எதிரி இல்லை.

இதற்கு வழி எளியது. வளர்ந்த பெண்ணின் கால் நீளம் பன்னிரண்டு வாரத்தில் மாறாது. ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடும்போது வகுக்க வேண்டிய தேவையே இல்லை; செ.மீ.யிலேயே வைத்துக்கொள்ளலாம். பலரை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், முதல் நாளில் இருவர் தனித்தனியே அளந்த கால் நீளத்தின் சராசரியை இறுதிவரை மாற்றாமல் பயன்படுத்தலாம், அல்லது எந்தக் கொழுப்பும் குறுக்கிடாத நின்ற உயரத்தால் வகுக்கலாம்.

மற்ற இடர்களும் உண்டு. முன்பக்கம் எட்டும்போது வயிறு மறைப்பதால் தன் கால்விரலும் கோடும் தெரியாமல் பெண்கள் குனிந்து பார்க்கிறார்கள். குனிந்த கணத்தில் தடுமாறுகிறார்கள். கோட்டைப் பார்க்க வேண்டாம், எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள், தூரத்தை நான் படிக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னே வெளிப்பக்கம் எட்டும்போது கால் நிற்கும் காலுக்குப் பின்னால் குறுக்கே செல்ல வேண்டும். தொடைகள் தடுப்பதால் அந்தத் திசையில் முயற்சிகள் அதிகம் சிதறும், அதை மட்டும் மூன்றுக்குப் பதில் ஐந்து முறை செய்யவைத்துச் சராசரி எடுக்கலாம். ஒற்றைக் காலில் முழங்காலை மடக்கும்போது, அதுவரை வலியே இல்லை என்று சொன்னவருக்கும் முழங்கால் வலி தோன்றலாம். அப்போது அளக்கப்படுவது வலி, சமநிலையன்று. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் வலியைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

விசைத் தட்டு

பாதத்தின்கீழ் அழுத்த மையம் எப்படி நகர்கிறது என்பதை நேரடியாகப் பதியும் விசைத் தட்டுதான் ஆராய்ச்சிக்குரிய கருவி. எலும்பைத் தேட வேண்டியதில்லை, பார்ப்பவரின் கண்ணை நம்ப வேண்டியதில்லை, பருமனான பெண்களிடம் கூடும் முன்பின் ஆட்டத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டும். ஆனால் கருவி விலையுயர்ந்தது என்பதாலேயே எண் நம்பத்தக்கதாகிவிடாது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை, 90 நொடிப் பதிவுகள் மூன்று முதல் ஐந்து வரை எடுத்துச் சராசரி காண வேண்டும் என்றும், எல்லா அளவைகளிலும் சராசரி வேகம் ஒப்பீட்டளவில் உறுதியானது என்றும் சொல்கிறது. பல மருத்துவமனைகளில் நடப்பதுபோல் 20 அல்லது 30 நொடிக்கு ஒரே ஒரு பதிவு எடுத்தால் பெரும் செலவு செய்தும் ஒய் சோதனையைவிட மோசமான எண்ணே கிடைக்கும். வீடியோ விளையாட்டுக்கென்று வந்த நின்டெண்டோ வீ பேலன்ஸ் போர்டை மலிவான மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று 2010-இல் ஆய்வொன்று காட்டியது; அதன் எடை வரம்பு 150 கிலோ என்பதைப் பருமனானவர்களை அளப்பவர் நினைவில் வைக்க வேண்டும். எந்தத் தட்டானாலும் இரு பாதங்களுக்கு இடையிலான அகலத்தை முதல் நாளே குறித்துக்கொள்ள வேண்டும். தொடை பெருத்தவர் இயல்பாகவே அகலமாக நிற்பார், எடை குறைந்தபின் நெருக்கமாக நிற்பார், அகலம் மாறினாலே ஆட்டம் மாறிவிடும்.

எதை எடுப்பது

ஒரு கல்லூரியோ பெரிய மருத்துவமனையோ ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் நோக்கில் அளக்கிறது, விசைத் தட்டும் இருக்கிறது என்றால், அதை 90 நொடிப் பதிவுகளோடு முதன்மை அளவையாக வைக்கலாம். மற்ற எல்லோருக்கும், டேப்பை ஒட்ட இடமிருக்கும் எந்த அறைக்கும், நான் பரிந்துரைப்பது ஒய் சோதனை; விழுக்காடாக மாற்றாமல் செ.மீ.யில். துணையாகக் கண்மூடி ஒற்றைக்காலில் நிற்றல், மூன்று முயற்சிகளின் சராசரியாக. முழங்கால் வலி வந்துவிடும் பெண்களுக்கு மட்டும் இரண்டாவதையே முதன்மையாகக் கொள்ளலாம்.

இந்தப் பரிந்துரை ஒரு நிபந்தனையோடு வருகிறது: வகுப்பு தொடங்குமுன் ஒரு வார இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். ஒய் சோதனையில் முதல் சில முயற்சிகளிலேயே கற்றுக்கொள்வதால் தூரம் கூடும். அளவெடுக்குமுன் ஒவ்வொரு திசையிலும் நான்கு முதல் ஆறு பழகு முயற்சிகள் தர வேண்டும் என்பதே வழக்கம். பழகியபின் எடுத்த இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே பதினைந்து இருபது பெண்களிடம் தெரியும் வேறுபாட்டிலிருந்து, உங்கள் அறையில், உங்கள் கையில், உங்கள் கூட்டத்துக்கான அளவீட்டுப் பிழை கிடைத்துவிடும்: ஒவ்வொருவருடைய இரண்டு அளவின் வேறுபாட்டையும் எழுதி, அந்த வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தை 1.41-ஆல் வகுத்தால் அதுவே பிழை, 2.77-ஆல் பெருக்கினால் குறைந்தபட்ச மெய்மாற்றம். பிறர் நாட்டுக் கால்பந்து வீரர்களின் 0.91-ஐவிட இந்த ஒரு எண்ணுக்கு மதிப்பு அதிகம். பன்னிரண்டாம் வாரத்தில் ஒருவர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் அவர் தேறியிருக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம். தாண்டாதவரிடம் ‘மாற்றம் இருக்கலாம், இந்த அளவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று சொல்ல வேண்டும். பயனில்லை என்று சொல்லக் கூடாது.

நடைமுறையில் சில ஏற்பாடுகள் எண்ணை நேரடியாகப் பாதிக்கின்றன. அளப்பவர் பெண்ணாகவும், அறை பிறர் பார்வைக்கு மறைவாகவும் இருப்பது மரியாதைக்கு மட்டுமன்று, அளவீட்டுக்கும் தேவை. பலர் பார்க்கும் கூடத்தில் துப்பட்டாவை ஒரு கையால் பிடித்தபடி எட்டும் பெண்ணின் தூரம் வேறு, தயக்கமின்றி எட்டும்போது கிடைக்கும் தூரம் வேறு. புடவையில் வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் அளந்துவிடுவோம் என்று நினைப்பது நல்லெண்ணமே என்றாலும், முழங்காலும் குதிகாலும் தெரியாத உடையில் எடுத்த அளவை அடுத்த அளவோடு ஒப்பிட முடியாது. மாற்றிக்கொள்ளத் தளர்வான கால்சட்டைகள் பெரிய அளவுகளில் மையத்திலேயே இருக்க வேண்டும். வெறுங்கால், ஒரே நேரம், இரண்டு சோதனையிலும் ஒரே அளப்பவர், பக்கத்தில் தாங்கிப்பிடிக்க இன்னொருவர். குதிகால் எழுந்தால் முயற்சி செல்லுமா செல்லாதா என்பதில் நெறிமுறைகள் வேறுபடுவதால் ஒன்றை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரின் அட்டையிலும் பி.எம்.ஐ.யோடு இடுப்பு, பின்புறச் சுற்றளவுகளையும் குறித்துக்கொண்டால், எடை வயிற்றில் உள்ளவர்களுக்கும் தொடையில் உள்ளவர்களுக்கும் பிழை வேறுவேறாக இருக்கிறதா என்று பின்னர் பிரித்துப் பார்க்க முடியும்.